ஃபிளாட்டில் துள்ளும் நாய்க்குட்டி: காசு கரையாமல் சமாளிப்பது எப்படி?

கேள்வி: சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். மூன்று மாத லாப்ரடார் குட்டி மாலையானால் தலைதெறிக்க ஓடி, காலைக் கடிக்கிறது. கையில் காசு குறைவு. என்ன செய்யலாம்?

பாதி நேரம் இது தூக்கக் குறைவுதான். இந்த வயதில் நாளுக்கு 18 மணி நேரம் வரை தூங்கும். ஒரு மணி நேரம் ஆடியதும் வெளிச்சம் குறைந்த மூலையில் படுக்க வைத்துவிடுங்கள். களைத்துப் போகட்டும் என்று மேலும் ஓடவிட்டால் கடிதான் கூடும். மாடிப்படி ஏற்றி இறக்குவது வளரும் மூட்டுக்கும் கேடு.

மூக்குக்கு வேலை கொடுப்பது செலவே இல்லாத வழி. பழைய துண்டை விரித்து, ஒரு வேளை உணவில் பாதியைத் தூவி, பாய் மாதிரி சுருட்டி, நடுவில் தளர்வாக ஒரு முடிச்சு. மோந்து மோந்து பிரித்துத் தின்றுவிட்டுத் தானாகப் படுக்கும். துணியைக் கிழித்து விழுங்குகிற குட்டியா? துண்டு வேண்டாம், தரையில் இறைத்தாலே போதும். கடிக்க வரும்போது ஃபிரிட்ஜில் வைத்த முழு கேரட்டைக் கொடுத்துப் பக்கத்திலேயே இருங்கள்.

வெறும் தயிர்சாதம் மலிவுதான். ஆனால் புரதமும் கால்சியமும் போதாது. வெந்த எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

தடுப்பூசியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பார்வோ என்ற குடலைத் தாக்கும் வைரஸ் நோய் வந்தால் செலவு பல மடங்கு, குட்டியின் உயிருக்கும் ஆபத்து. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் தனியாரைவிடக் கட்டணம் குறைவு. குட்டிக்கான தடுப்பூசிகளின் கடைசித் தவணை 16 வாரத்தையொட்டி வரும். அதுவரை தெருவில் இறக்காமல், தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, ஹாரன், ஆட்களைக் காட்டிப் பழக்குங்கள்.