கோலாலம்பூரில் காலையில் கொளுத்தும் வெயில், மாலையில் இடிமழை. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பங்கு கடலிலிருந்து வருகிறது. மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். வெயில் பட்ட நீர் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. மலைக்காட்டு மரங்களும் வேரால் உறிஞ்சிய நீரை இலைகள் வழியே ஆவியாக வெளிவிடுகின்றன. இன்று பெய்யும் மழை இன்று காலை ஆவியானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆவி காற்றில் சராசரியாக 9 நாள் தங்குகிறது.

ஆனால் ஆவி இருந்தால் மட்டும் போதாது, அது குளிர வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாற்றை மேசையில் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் குவளையின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கும். அது உள்ளிருந்து கசிந்த நீரன்று; காற்றிலிருந்த ஆவி குளிர்ந்து நீரானது. வானிலும் இதுவே நடக்கிறது. நண்பகலில் சூடேறிய தரையிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. ஆவி, தூசையும் உப்புத் துகளையும் பற்றிக்கொண்டு மேகத்துளியாகிறது. எனக்கு வியப்பு தீராத இடம் இதற்கடுத்தது: ஆவி நீராகும்போது, கடலில் அது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பம் காற்றை மேலும் உயரத் தள்ள, மேகம் 10 கிலோமீட்டருக்கு மேலும் வளர்ந்து இடிக்கிறது.

விழுந்த மழையில் ஒரு பகுதி மண்ணில் இறங்கும். பெரும்பகுதி கொம்பாக், கிள்ளான் ஆறுகளில் சேர்ந்து கடலுக்கே போகும். மழை ஓய்ந்ததும் சூடான தார்ச்சாலையில் புகைபோல எழுகிறதே, அந்த நீரோ ஆற்றைக்கூடப் பார்க்காமல் நேரே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது.