திருச்சி–சென்னை 290 கி.மீ.தான், விமானத்துக்கு ஏன் ஒரு மணி நேரம்?

வான்வழித் தூரம் என்பது பூமியின் மேற்பரப்பில் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். பக்கத்து ஊருக்கு நாம் வரப்பைச் சுற்றி, வாய்க்காலில் மதகைத் தேடிப் போவோம். கொக்கு வயலுக்கு மேலே நேராகப் போய்விடும். கொக்கு போகும் வழிதான் அது. சாலையில் 330 கி.மீ. அளவில் வருவது வான்வழியில் 290 சொச்சம்.

சரி, மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட்டுக்கு 25 நிமிடம் போதாதா? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. திருச்சியில் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து சென்னையில் போய் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். ஓடுபாதைக்கு மெல்ல ஊர்ந்து போக வேண்டும். விமானம் எதிர்காற்றில்தான் ஏறும். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மேற்கே பார்த்துக் கிளம்பி, அப்புறம்தான் வடகிழக்கே வளையும். முழு வேகம் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். சென்னையில் நெரிசல் என்றால் இறங்கவும் வரிசை. விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானமென்றால் வேகமே சுமார் 500தான்.

தூரம் ஆறு மடங்கானால் நேரமும் ஆறு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள்; சென்னை–டெல்லி சுமார் 1,750 கி.மீ., ஆனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான்.