ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எவ்வளவு காற்று? கேள்வி பதில்

கேள்வி (கோவை, தார் டீசல்): சார், டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் ஓர் எண் போட்டிருக்கிறது. டயரின் சைடுவாலில் (பக்கச்சுவரில்) 51 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. டயர் கடையில் எதையும் பார்க்காமல் 40 அடித்து அனுப்புகிறார்கள். எதை நம்புவது?

பதில்: ஸ்டிக்கரை. சைடுவாலில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். எந்த வண்டியில் மாட்டினாலும் அது மாறாது, அதனால் உங்கள் வண்டியின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டிக்கர் எண்தான் உங்கள் வண்டியின் முன் அச்சு, பின் அச்சு எடையை வைத்துப் போட்டது. இரண்டு பேர் போனால் ஒன்று, முழு லோடு என்றால் வேறொன்று என இரண்டு வரிசை இருந்தால் இரண்டையும் படியுங்கள். பின் டயருக்குத்தான் வித்தியாசம் அதிகம் இருக்கும்.

40 அடிப்பது கடைக்காரருக்கு வசதி. ஒரு மாதம் கழித்துக் காற்று குறைந்தாலும் புகார் வராது. உங்களுக்கோ டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடிமானம் குறையும், சின்னப் பள்ளத்துக்கே வண்டி குதிக்கும்.

ஸ்டிக்கர் எண் என்பது குளிர்ந்த டயருக்கு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் வெயில் விழும் முன் பார்ப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் அந்தப் பக்க டயர்கள் இரண்டு பிஎஸ்ஐ வரை கூடக் காட்டும்.

கேள்வி (திருச்சி, ஸ்கார்பியோ): காலையில் 33 வைத்துக் கிளம்பினேன். சென்னை நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் 38. வெடித்துவிடுமோ என்று 33-க்கு இறக்கினேன். சரிதானே அண்ணே?

பதில்: தவறு தம்பி, அதுவும் ஆபத்தான தவறு. ஓடும்போது அழுத்தம் ஏறும் என்று தெரிந்துதான் ஸ்டிக்கர் எண்ணே குறிக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் இறக்கினால் மறுநாள் காலையில் 28 அளவில் நிற்கும். காற்றுக் குறைந்த டயரின் சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி விரிகிறது, மடங்க மடங்க உள்ளே சூடு ஏறுகிறது, கடைசியில் ரப்பருக்கும் கம்பி அடுக்குக்கும் உள்ள ஒட்டு விடுகிறது. கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் குறைந்த காற்றும் கூடுதல் லோடும் வேகமும்தான் காரணம்.

அந்த ஏற்றத்தையே அளவுகோலாக்கிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் சீரான வேகத்தில் ஓடிய பின், சாதாரண டயரில் குளிர் அளவைவிட 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. எல்.டி. டயர் (லைட் டிரக், அதாவது லோடு வண்டிகளுக்கான கனமான டயர்) என்றால் 6. அதற்கு மேல் ஏறினால் கிளம்பும்போதே காற்று போதவில்லை, அடுத்த முறை 2 கூட்டிக் கிளம்புங்கள். ஏற்றம் ரொம்பக் குறைவாக இருந்தால் காற்று அதிகம். வெயிலின் பங்கைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ. காலை 25 டிகிரியில் கிளம்பி மதியம் 35 டிகிரியில் பார்த்திருந்தால் உங்கள் 5-ல் ஒன்றரை வெயில் கொடுத்தது, ஓட்டம் கொடுத்தது மூன்றரைதான். உங்கள் 33 சரியாகவே இருந்திருக்கிறது.

கேள்வி (மதுரை): கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு அதே அளவில் எல்.டி. வகை ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாப் பாதைக்குமான) டயர் போட்டிருக்கிறேன். பழைய எண்ணே போதுமா?

பதில்: பெரும்பாலும் போதாது. எல்.டி. டயரின் அடுக்குகள் கனமானவை, அதிக அழுத்தத்தில் அதிக எடை தாங்கவே கட்டப்பட்டவை. அதே அளவு, அதே 33 பிஎஸ்ஐ என்றால் சாதாரண டயரைவிடக் குறைந்த எடையைத்தான் தாங்கும். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். டயர் கம்பெனியின் லோடு அட்டவணை கிடைத்தால் அதுவே சரியான வழி. கிடைக்கும்வரை ஸ்டிக்கர் எண்ணோடு 5 முதல் 8 வரை கூட்டி ஆரம்பித்து, மேலே சொன்ன 6 பிஎஸ்ஐ ஏற்றத்தை வைத்துத் திருத்துங்கள்.

சாக்பீஸ் சோதனையும் உதவும். டயரின் குறுக்கே தடித்த கோடு போட்டு, சமமான தார்ச்சாலையில் நூறு மீட்டர் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் அழிந்து நடு நின்றால் குறைவு. ஆனால் வண்டி எடையைத் தாங்குமா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதன் பேச்சைக் கேட்டு ஸ்டிக்கருக்குக் கீழே போய்விடாதீர்கள்.

கேள்வி (துபாய், லேண்ட் குரூஸர்): மணல்மேட்டுக்கு 15 என்கிறார்கள், சிலர் 12 என்கிறார்கள். எது?

பதில்: 18-ல் ஆரம்பியுங்கள். வண்டி திணறினால் 15. இளகிய மணலில் 12. புதைந்துவிட்டால் வெளியே வர மட்டும் 10, ஊர்ந்து வந்தவுடன் திரும்ப ஏற்றிவிட வேண்டும். காற்று இறங்கும்போது டயர் அகலமாவதைவிட நீளமாகவே மணலில் படிகிறது. அந்த நீளம்தான் வண்டியைத் தோண்டவிடாமல் மேலே வைக்கிறது. 18 அங்குல ரிம்மில் சைடுவால் குட்டையாக இருப்பதால் அதே பலனுக்கு இன்னும் இரண்டு குறைக்க வேண்டி வரும்.

20-க்குக் கீழே இருக்கும்வரை 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், ஸ்டீயரிங்கை வெடுக்கென ஒடிக்காதீர்கள். ஒடித்தால் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். கழன்றால் ஜாக்கி வைத்துத் தூக்கி, விளிம்பிலும் ரிம்மிலும் உள்ள மணலைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டயரைச் சுற்றி ராட்செட் பெல்ட்டை இறுக்கி, வால்வின் உள்முள்ளைக் கழற்றிவிட்டுக் காற்றடித்தால் விளிம்பு ‘டப்’ என்று உட்காரும். உடனே பெல்ட்டைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கும் வித்தையை வீடியோவோடு விட்டுவிடுங்கள்.

பாலைவனத்தில் இரவு தங்குகிறவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஓடி 60 டிகிரி சூட்டில் இருக்கும் டயரை 15-க்கு இறக்கினால், மறுநாள் காலை 20 டிகிரியில் அது 11-ஐ ஒட்டி நிற்கும். முதல் திருப்பத்திலேயே டயர் கழலலாம். எழுந்ததும் அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி (சென்னை, ஃபார்ச்சூனர்): லே-லடாக் போகிறோம். உயரத்தில் காற்று விரிந்து டயர் வெடிக்கும், போகும் வழியில் 5 பிஎஸ்ஐ குறைத்துக்கொள் என்கிறார் நண்பர்.

பதில்: உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் (காற்றழுத்தம் அளக்கும் மீட்டர்) கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. அவர் குளிரை மறந்துவிட்டார். சென்னையில் 35 டிகிரியில் 32 வைத்தீர்கள் என்போம். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் டயருக்குள் 46.7. கர்துங் லா கணவாய், ஏறக்குறைய 5,360 மீட்டர், 0 டிகிரி: உள்ளே 41.4 ஆகக் குறைகிறது, வெளிக்காற்று அங்கே 7.5 அளவுதான். கழித்தால் கேஜில் 34. வெறும் 2 ஏற்றம். 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் மைனஸ் 5 டிகிரிக் காலை என்றால் 31 காட்டும்.

ஆக, போகும்போது எதையும் தொட வேண்டாம். கணவாயில் பயந்துபோய் 28-க்கு இறக்கினால், அதே டயர் சென்னை வெயிலில் 25-ல் நிற்கும். கூழாங்கல் பாதை தொடர்ந்து வந்தால் மட்டும் 26-28 வைத்து, வேகத்தை 60-க்குள் பிடியுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி, ஹைலக்ஸ்): அண்ணை, வயலுக்குள்ள நெல்லு மூட்டை ஏத்தி இறக்கிற வண்டி. சேறு எண்டால் ரயர்ல காத்தைக் குறைக்கலாமோ?

பதில்: வெறும் வண்டிக்குக் குறைக்கலாம், 20-22 போதும். மூட்டை ஏற்றியபின் பின் டயரில் கை வைக்க வேண்டாம். லோடோடு காற்றைக் குறைத்தால் சைடுவால் பிதுங்கி, சேற்றுக்குள் தெரியாமல் கிடக்கும் வேர்க்கட்டையில் கிழியும். சேற்றுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் கெட்டித் தரை இருந்தால் குறைக்கவே தேவையில்லை, இறுகிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு தரையைப் பிடிக்கும். லோடு இறக்கியபின் பின் பக்கம் துள்ளினால் ஸ்டிக்கரின் குறைந்த லோடு எண்ணுக்கு வாருங்கள்.

கேள்வி (வால்பாறை, ஜிம்னி): எஸ்டேட் பாதை, உடைகல். எவ்வளவு?

பதில்: 20-22. ஜிம்னி எடை குறைந்த வண்டி என்பதால் ஸ்டிக்கர் எண்ணே பெரிய வண்டிகளைவிடக் கீழேதான் இருக்கும், எனவே இறக்கவேண்டியது கொஞ்சம்தான். கல்லின் மேல் டயர் வளைந்து படிந்தால் குத்துப் பஞ்சர் குறையும். அதற்காக 15-க்குப் போகாதீர்கள். கூர்மையான கல்லில் பிதுங்கிய சைடுவால் கிழிந்தால் வழியில் ஒட்ட முடியாது, டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். நடக்கும் வேகம், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர் நிலை).

கேள்வி (சேலம்): நைட்ரஜன் போடலாமா?

பதில்: இலவசமாகக் கிடைத்தால் போடுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காட்டுப்பாதையில் இறக்கி ஏற்றுகிறவர்களுக்கு அது காசுக்குக் கேடு. நைட்ரஜன் இருக்கும் டயரில் சாதாரணக் காற்றைக் கலக்கலாமா என்று பயப்படவும் வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): கம்ப்ரஸரைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டினால் ஃப்யூஸ் போகிறது.

பதில்: போகத்தான் செய்யும். பெரிய டயரை நிரப்பும் 12 வோல்ட் கம்ப்ரஸர் 25-30 ஆம்பியர் இழுக்கும், சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 15-20. பெரிய ஃப்யூஸ் போடும் யோசனை வேண்டாம், வயர் எரியும். கிளிப்பை நேராக பேட்டரியில் கவ்வுங்கள், எஞ்சின் ஓடட்டும். இரண்டு டயர் முடிந்ததும் கம்ப்ரஸரை ஆறவிடுங்கள். அழுத்தத்தை அதன் சொந்த மீட்டரில் பார்க்காதீர்கள், காற்று போய்க்கொண்டிருக்கும்போது அது கூடுதலாகக் காட்டும். நிறுத்திவிட்டுத் தனி கேஜில் அளவெடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பங்க் மீட்டரும் என் கேஜும் 3 பிஎஸ்ஐ மாறுகின்றன. ஸ்டெப்னிக்கு எவ்வளவு வைப்பது?

பதில்: தரமான கேஜ் ஒன்றை வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். ஊரெல்லாம் கைபட்டு விழுந்து எழும் பங்க் மீட்டரைவிட அது நம்பகமானது. ஸ்டெப்னியில் முழு லோடுக்கான பின் டயர் எண்ணுக்கு மேல் 3 கூட்டி வையுங்கள். எந்த அச்சில் மாட்ட நேர்ந்தாலும் இறக்கினால் போதும், நடுவழியில் ஏற்றுவதுதான் பாடு. மாதம் ஒருமுறை அதையும் அளந்துவிடுங்கள். பின் கதவில் தொங்குவதை எட்டிப் பார்க்கலாம், வண்டிக்கு அடியில் தொங்குவதைத்தான் மாதக்கணக்கில் மறந்துபோகிறோம்.