ராத்திரிக்கு என்ன சமைக்கிறது? வெயில் கால கேள்வி பதில்

கத்திரி வெயில் ஆரம்பிச்சாலே நமக்கு வர்ற கடிதங்கள்ல, மெசேஜ்ல எல்லாம் இந்த ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது, அதனால இந்த இதழ் முழுக்க ராத்திரி சாப்பாடு பத்தியே வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வரவே ஆறரை மணி ஆகிடும். மாமியார், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, நான், மொத்தம் 5 பேர். மேல் மாடி வீடு, கிச்சன்ல காலெடுத்து வச்சாலே வேர்த்து ஊத்துது. வந்து பேக்கை கீழ வைக்கிறதுக்குள்ள "ராத்திரிக்கு என்ன"ன்னு எல்லாரும் கேக்குறாங்க, யோசிக்கக்கூட தெம்பில்லாம தினமும் தோசைன்னு சொல்லிடுறேன். தோசை இல்லாம வேற ஈஸியா என்ன பண்ணலாம்? (திருச்சி வாசகி)

பதில்: தோசை ஈஸின்னு நாம எல்லாருமே பழகிட்டோம்மா, ஆனா கோடைக்கு அதைவிட கஷ்டமான டிபன் கிடையாது. கணக்கு போட்டுப் பாருங்க, ஆளுக்கு 4 தோசைன்னா 5 பேருக்கு 20 தோசை, ஒரு தோசைக்கு 2 நிமிஷம்னாலும் 40 நிமிஷம் கல்லு முன்னாடியே நிக்கணும், அதுவும் ஃபேன் போட முடியாது, போட்டா கேஸ் அணையும். எல்லாரும் சூடா சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் கடைசி தோசைய நீங்க நின்னுக்கிட்டே பிச்சுப் போட்டுக்குவீங்க. அதே மாவுல இட்லி ஊத்துங்க. 16 குழி தட்டுல ரெண்டு ஈடு, ஒவ்வொண்ணும் 10, 12 நிமிஷம், அடுப்புல ஏத்தி வச்சுட்டு நீங்க ஹால்ல ஃபேனுக்கு அடியில வந்து உக்காந்துடலாம். தொட்டுக்க மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் போதும், அதுக்கு அடுப்பே வேணாம்.

கோடையில ராத்திரி சமையலை முடிவு பண்றப்ப நான் மொதல்ல பாக்குறது இதைத்தான், அடுப்பு கிட்ட எத்தனை நிமிஷம் நிக்கணும்னு. ருசி, சத்து, பசங்களுக்குப் பிடிக்குமா இதெல்லாம் அப்புறம். சமைக்கிற ஆளும் அந்த வீட்ல சாப்பிடப் போற ஆள்தானே, அவங்க உடம்பையும் கணக்குல எடுக்கணும். மேல் மாடி வீடுன்னு வேற சொல்றீங்க. பகல் முழுக்க மொட்டை மாடி தளம் வெயிலை இழுத்து வச்சுக்கிட்டு சாயங்காலத்துக்கு அப்புறம்தான் உள்ள இறக்க ஆரம்பிக்கும், அதனாலதான் வெளிய காத்து வந்தாலும் ஏழு மணிக்கு உங்க கிச்சன் அப்படி கொதிக்குது. கடல் பக்கம் இருக்குற ஊர்ல மதியத்துக்கு மேல கடல் காத்தாவது வரும், திருச்சி, வேலூர், மதுரை பக்கம் அதுவும் இல்ல.

அதனால ராத்திரிக்கு என்னங்கிறதை காலைல காபி குடிக்கும்போதே பேசி முடிச்சுடுங்க. உங்க மாமியாரையும் சேத்துக்கிட்டு பேசுங்க, பெரியவங்களுக்கு ராத்திரி என்ன ஒத்துக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும், சாயங்காலம் திடீர்னு தட்டுல வேற ஒண்ணு வந்தா அவங்களுக்கும் மனசு கஷ்டமா இருக்கும். காலைல ஆறு மணிக்கு கிச்சன் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்குறப்பவே ஒரு தொகையல் அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. துவரம்பருப்பு, காஞ்ச மிளகா, ரெண்டு பல் பூண்டு வறுத்து உப்பு போட்டு அரைச்சா பருப்புத் தொகையல், பீர்க்கங்காய் வதக்கி அரைச்சா இன்னொரு நாளைக்கு ஆச்சு. ராத்திரி குக்கர்ல சாதம் மட்டும் வச்சு, காலைல வச்ச ரசத்தை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நல்லா கொதிக்க விட்டா முடிஞ்சுது.

அடுப்பே வேணாம்னு தோணுற அன்னிக்கு தயிர் அவல். கெட்டி அவலை கழுவி 10 நிமிஷம் ஊற வச்சு, தண்ணிய ஒட்டப் பிழிஞ்சு, தயிர், உப்பு, இஞ்சி, பச்சமிளகா, துருவின மாங்காய் போட்டுக் கலந்து மேல ஒரே ஒரு தாளிப்பு. மெல்லிசு அவல்னா ஊற வைக்கவே கூடாது, கழுவி எடுத்தாலே போதும், இல்லாட்டி கூழாயிடும்.

இன்னொண்ணு இருக்கு, இப்ப நிறைய வீட்ல மறந்தே போயிடுச்சு, மோர்க்களி. புளிச்ச மோர் வீணாப் போற சீசன்ல அதுக்குன்னே பண்ணி வச்ச மாதிரி ஒரு டிபன். பச்சரிசி மாவு 1 கப்புக்கு புளிச்ச மோர் 3 கப், உப்பு போட்டு கட்டியில்லாம கரைச்சுக்கணும். வாணலில நல்லெண்ணெய் தாராளமா விட்டு கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, முக்கியமா மோர் மிளகாய கிள்ளிப் போட்டு தாளிச்சு, கரைச்ச மாவை ஊத்தி சின்ன தீயில கிளறணும். தொடக்கத்துல தண்ணியா இருக்கும், பயப்படாதீங்க, திடீர்னு சேர்ந்து வரும். கையை தண்ணில நனைச்சு தொட்டுப் பாத்தா ஒட்டக்கூடாது, அதான் பதம். சுமார் 10 நிமிஷ வேலை. உங்க வீட்டு 5 பேருக்கு 2 கப் மாவு சரியா இருக்கும், எண்ணெய் தடவின தட்டுல கொட்டி துண்டு போட்டுக் குடுங்க, சட்னி, சாம்பார் எதுவும் கேக்க மாட்டாங்க. கரைச்சு வைக்கிறதை மாமியார் பண்ணிடலாம், கிளறுறதை உங்க வீட்டுக்காரர் பண்ணட்டும், 10 நிமிஷம் கரண்டி பிடிச்சு நின்னா அந்த கிச்சன் எப்படி இருக்குன்னு அவருக்கும் தெரியும். நான் இதை சண்டைக்கு சொல்லலம்மா, உண்மையாவே சொல்றேன், வெளிய வேலைக்குப் போயிட்டு வர்ற ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் அந்த சூட்ல நிக்கிறது நியாயமில்ல.

காய் வேணும்னா சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வெள்ளைப் பூசணின்னு நீர்க்காயா வாங்குங்க, இதுல எல்லாம் நூத்துக்கு 90 பங்குக்கு மேல தண்ணிதான், சீக்கிரம் வெந்துடும். பாசிப்பருப்போட குக்கர்ல போட்டா கூட்டு ஆயிடும். உருளைக்கிழங்கு ரோஸ்ட், பூரி, சப்பாத்தி மாதிரி நின்னு நின்னு சுடுறதெல்லாம் ஜூன் கடைசில வச்சுக்கலாம்.

கேள்வி: மாவு அரைச்ச மறுநாளே புளிச்சுப் போகுது, ராத்திரிக்கு இட்லின்னா பசங்க மூஞ்சிய சுளிக்கிறாங்க. என்ன பண்ணலாம்? (சென்னை வாசகி)

பதில்: குளிர் காலத்துல ராத்திரி முழுக்க வெளிய வைக்கிற பழக்கத்துலயே இப்பவும் வச்சிருப்பீங்க. இந்த வெயிலுக்கு 5, 6 மணி நேரத்துலயே மாவு பொங்கிடும், அதனால ராத்திரி பத்து மணிக்கு அரைச்சு வச்சுட்டு தூங்குறதைவிட காலைல அரைச்சு மதியம் கண்ணு முன்னாடி பொங்குறதைப் பாத்து உடனே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளுறது நல்லது. வேலைக்குப் போறவங்க ராத்திரியே அரைச்சாகணும்னா அரைச்சதுல பாதிய நேரா ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, மறுநாள் தேவைப்படுறப்ப எடுத்து வெளிய வச்சா போதும்.

கிரைண்டர் ஓடுற சூட்லயே மாவு சூடாகும், ஐஸ் தண்ணி தெளிச்சு அரைங்க. அப்புறம் ஒரே பெரிய டப்பால போட்டு தினமும் எடுத்து எடுத்து உள்ள வைக்காதீங்க, ஒவ்வொரு தடவை வெளிய வர்றப்பவும் சூடேறி புளிப்பு கூடிக்கிட்டேதான் போகும். ரெண்டு மூணு சின்ன டப்பாவா பிரிச்சு வச்சா அன்னன்னிக்கு ஒண்ணு. ஏற்கனவே புளிச்ச மாவுல வெங்காயம், இஞ்சி, பச்சமிளகா போட்டு பணியாரம் ஊத்தலாம், ஆனா அதுவும் அடுப்பு முன்னாடி நிக்கிற வேலைதான், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வச்சுக்கோங்க.

கேள்வி: எனக்கு ராத்திரி தயிர்சாதம் இருந்தா போதும். எங்க வீட்டுக்காரர் "தயிர்சாதம் எல்லாம் ஒரு சாப்பாடா, கடைசில சாப்பிடுறதுதானே"ன்னு கேக்குறார். அவருக்கு என்ன பதில் சொல்றது? (கும்பகோணம் வாசகி)

பதில்: மிச்ச சாதத்துல தயிரை ஊத்தி உப்பு போட்டுக் குடுத்தா யாருக்குமே அப்படித்தான் தோணும். தயிர்சாதத்துக்குன்னு தனியா சாதம் வைங்க. 1 கப் அரிசிக்கு 4 கப் தண்ணி வச்சு குழைய விட்டு, சூடா இருக்குறப்பவே கரண்டியால நல்லா மசிச்சு, காய்ச்சின பால் 2 கப் ஊத்தி கலந்து ஆற விடணும். ஆறினப்புறம்தான் தயிர். சூட்ல தயிர் போட்டா திரிஞ்ச மாதிரி ஆயிடும், சாப்பிட நேரமாகும்னா தயிரை ரெண்டு ஸ்பூனோட நிறுத்திக்கிட்டீங்கன்னா புளிக்காது. ஆற ஆற கெட்டியாகும்ங்கிறதால கொஞ்சம் தளரவே கலக்கணும், இங்கதான் நிறைய பேருக்கு தப்பிப் போகுது. கடுகு, இஞ்சி, பச்சமிளகா, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சு, பொடியா நறுக்கின வெள்ளரி, கிளி மூக்கு மாங்காய் போட்டுப் பாருங்க.

அதோட தொட்டுக்கிறதுலதான் அது முழு சாப்பாடா ஆகுது. மாசி பங்குனில போட்ட மாவடு இப்ப நல்லா ஊறியிருக்கும், வறுத்த மோர் மிளகா, சுட்ட அப்பளம், வத்தக்குழம்பு இருந்தா அதுல ஒரு கரண்டி. வத்தக்குழம்பு நல்லெண்ணெயும் புளியும் சேந்ததுங்கிறதால ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாராளமா நிக்கும், ஞாயித்துக்கிழமை பண்ணி வச்சுக்கலாம். பருப்பு இல்லையேன்னு நினைச்சா ஒரு கிண்ணம் சுண்டல், பயறோ மொச்சையோ காலைலயே வேகவச்சு ஃப்ரிட்ஜ்ல எடுத்து வச்சது. கடைசில ரெண்டு துண்டு பங்கனபள்ளி மாம்பழம். இதை ஒரு நாள் ஒழுங்கா தட்டுல வச்சுக் குடுங்க, அப்புறம் அவரே கேப்பார்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறார். வெயில்னால ராத்திரி பசியே இல்லைன்னு வெறும் மோர் குடிச்சுட்டு படுத்துடுறார். சில நாள் கேழ்வரகு கூழ் குடுக்குறேன், அது சுகருக்கு நல்லதுதானே? (வேலூர் வாசகர்)

பதில்: மாத்திரை போட்டுட்டு வெறும் மோரோட படுக்குறதை இன்னிக்கே நிறுத்துங்க, சில மாத்திரைகளுக்கு சாப்பாடு இல்லைன்னா ராத்திரி தூக்கத்துலயே சுகர் ரொம்ப இறங்கிடும், இன்சுலின் போட்டுக்கிறவங்களுக்கு இன்னும் ஆபத்து. பசி இல்லைன்னு அவர் சொல்றதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, மாத்திரை அளவையோ நேரத்தையோ மாத்தணுமான்னு அவர்தான் சொல்லணும். கேழ்வரகும் மாவுச்சத்துதாங்க, நல்ல தானியம், ஆனா கூழா கரைச்சு ரெண்டு டம்ளர் குடிச்சா சுகர் வேகமாத்தான் ஏறும். அளவை குறைச்சு, கூட அவிச்ச பயறு, சுரைக்காய் கூட்டு, முட்டை சாப்பிடுறவர்னா ஒரு முட்டைன்னு சேத்துக் குடுங்க. ஏழு, ஏழரைக்குள்ள சாப்பாட்டை முடிச்சுடுங்க. தனியா தட்டை வச்சுட்டுப் போயிடாம நீங்களும் கூட உக்காந்து சாப்பிட்டீங்கன்னா ரெண்டு வாய் கூடவே இறங்கும்.

கேள்வி: நான் சென்னைல ரூம் எடுத்து தங்கி வேலை பாக்குறேன். ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு சின்ன குக்கர், ஃப்ரிட்ஜ் கிடையாது. காலைல வடிச்ச சாதத்தை ராத்திரி சூடு பண்ணி சாப்பிடலாமா? (ஒரு வாசகர்)

பதில்: வேணாம் தம்பி. சாதத்துல இருக்குற ஒரு வகை பாக்டீரியாவோட விதை மாதிரியான பகுதி கொதியிலயும் சாகாது, சாதம் வெளிய கதகதப்பா மணிக்கணக்குல கிடந்தா அது முளைச்சுப் பெருகி விஷத்தை விட்டுடும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. கெட்ட வாசனை வரலையேன்னு நம்பி சாப்பிடவும் கூடாது. வாந்தி, வயித்துப்போக்குன்னு தனி ரூம்ல படுத்துக் கிடந்தா பாக்க ஆளும் இருக்காது.

ராத்திரிக்கு ராத்திரி கொஞ்சமா வைங்க. அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, அதுலயே நறுக்கின சுரைக்காயோ புடலங்காயோ, மஞ்சத்தூள், சீரகம், ரெண்டு பச்சமிளகா, உப்பு, மூணு டம்ளர் தண்ணி, நாலு விசில். குக்கரை வச்சுட்டு குளிச்சுட்டு வந்துடலாம், வர்றப்ப சாப்பாடு ரெடி. மேல ஒரு ஸ்பூன் நெய், கடையில ஒரு சின்ன பாக்கெட் தயிர், அன்னிக்கு வாங்கி அன்னிக்கே காலி பண்ற அளவு.

அதுக்கும் முடியாத அன்னிக்கு கேழ்வரகு மாவு மூணு டேபிள் ஸ்பூனை பச்சத்தண்ணில கரைச்சு, கொதிக்கிற ரெண்டு டம்ளர் தண்ணில ஊத்தி கைவிடாம ஏழெட்டு நிமிஷம் கிண்டுங்க, பளபளன்னு வந்ததும் இறக்கி ஆற வச்சு மோர், உப்பு கலந்துக்கோங்க. கூட ரெண்டு அவிச்ச முட்டை, உரிச்ச சின்ன வெங்காயம் நாலு. மெஸ்ஸுக்குப் போனா அந்த எண்ணெய்ல சுட்ட பரோட்டாவுக்கு குடுக்குற காசுல இந்த சாமானெல்லாம் ரெண்டு மூணு நாளைக்கு வரும்.