டிரெஸ்ஸரைக் கேளுங்கள்: மாமியார் வேண்டாம் என்கிற நாய்

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. பிள்ளைகள் நாய் கேட்டு நச்சரிக்கிறார்கள். ஈப்போவில் ஒரு காப்பகத்தில் மூன்று வயதுக் கறுப்புப் பெட்டை நாயைப் பார்த்தோம். ஒரு காது கிழிந்திருக்கிறது. சின்னவள் அதுதான் வேண்டும் என்கிறாள். “யாரோ துரத்திவிட்டதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? குட்டியாக வளர்த்தால்தான் ஒட்டும்” என்கிறார் மாமியார். “சரிப்படாவிட்டால் செம்பனைத் தோட்டத்துக்குள் விட்டுவிடலாம்” என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் பேசிவிடுகிறேன். தம்பி, செம்பனைக்குள் எலி மருந்து இருக்கிறது. மரத்துக்கு ஒரு கட்டி என்று வைத்துக்கொண்டே போவார்கள். நான் டிரெஸ்ஸராக, அதாவது மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக, இருந்த தோட்டத்தில் காவலாளியின் நாய் அதைத் தின்றுவிட்டு இரண்டு நாள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தது. மூன்றாம் நாள் காலையில் ஈறெல்லாம் இரத்தம். வைட்டமின் கே உடலுக்குப் பயன்படாமல் தடுக்கிற மருந்து அது. இரத்தத்தை உறையவைக்கும் பொருள் உடம்பில் மிச்சமிருக்கிறவரை நாய் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே, தின்றதைப் பார்த்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். காவலாளியின் நாயை லோரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டோம். அதன் பிறகும் வாரக்கணக்கில் மாத்திரை. காவலாளி இருந்ததால் அது பிழைத்தது. நீங்கள் விட்டுவிட்டு வரும் நாய்க்கு யார் இருக்கிறார்கள்? விலங்கைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் குறைந்த அபராதமே 20,000 ரிங்கிட். ஒரு லட்சம் வரை போகும். மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இந்தப் பேச்சு இருக்கிறவரை நாயைக் கொண்டுவராதீர்கள்.

மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முடிவு தவறு. குட்டி எவ்வளவு வளரும், யாரைக் கடிக்கும் என்று எந்தச் சோதிடரும் சொல்ல மாட்டார். மூன்று வயது நாய் இனி வளராது. அதன் குணத்தையும் ஓரளவு பார்த்தே எடுக்கலாம். சின்னவளையும் அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து பாருங்கள். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். கருத்தடை ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள். ஆகாவிட்டால் அதை முடிக்காமல் அழைத்து வராதீர்கள். 63 நாளில் குட்டி போடும் சாதி இது.

ஒட்டுமா? என் வீட்டுக்கு ஒரு கிழட்டு நாய் வந்தது. மூன்று நாள் மோட்டார் சைக்கிளுக்கு அடியிலேயே கிடந்தது, சோற்றைத் தொடவில்லை. என் மனைவி அழுதேவிட்டார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதைப் பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது. அன்றைக்குத்தான் எங்கள் வாசல் தன் வாசல் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். தபால்காரருக்குத்தான் பிடிக்கவில்லை.

வரும் முன்னே கேட்டைப் பாருங்கள். தாமான் வீட்டுக் கேட்டுக்கு அடியில் சந்து இருக்கும். முதல் வாரம் நாய் அதில்தான் நழுவும். கம்பி வலை கட்டுங்கள். தீபாவளி வாரத்தில் மட்டும் அழைத்து வர வேண்டாம், வெடிச் சத்தத்தில் எந்த ஊருக்கு ஓடுமோ தெரியாது. பக்கத்து வீடு மலாய்க் குடும்பமாக இருந்தால் நீங்களே முன்கூட்டிப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் வாசல் பக்கம் நாய் போகாதபடி கட்டுங்கள், கால்வாயைத் தினமும் கழுவுங்கள். நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டில் மீந்த சாம்பார் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பும் வேண்டாம்.

கேள்வி: போன வருடம் எங்கள் குட்டி இரத்தபேதியில் செத்தது. பார்வோ என்கிற கிருமி என்றார்கள். இப்போது காப்பகத்திலிருந்து இன்னொரு குட்டி எடுக்கலாமா? வீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டோம்.
– வாசகர், லிந்தாங்

பதில்: சோப்புக்கு அந்தக் கிருமி அசையாது. சிமெண்டுத் தரையை முதலில் தேய்த்துக் கழுவி, 30 பங்குத் தண்ணீரில் ஒரு பங்கு குளோராக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரைக்கு அதுவும் உதவாது. நிழலான ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் கிருமி உயிரோடு கிடக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி 16 வாரம் வரை தொடர வேண்டும். இடையில் ஒன்று போட்டதும் வேலை முடிந்ததென்று நினைத்துத்தான் பலர் குட்டியைப் பறிகொடுக்கிறார்கள். உங்கள் வாசலுக்குத் தடுப்பூசி முடிந்த பெரிய நாயே பொருத்தம். மேலே எழுதிய அம்மாவின் மாமியாரிடமும் யாராவது இதைச் சொன்னால் நல்லது.

கேள்வி: காப்பகத்து நாய்க்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்களே, எதற்கு?
– அதே வாசகர்

பதில்: கொசுவால் வரும் இதயப்புழுவுக்கு. வளர்ந்த நாயாக இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மாத்திரை. வரிசையை மாற்றாதீர்கள்.