நெஞ்சுப் படபடப்போடு வாழ்கிறவர்களுக்கு: ஏஎஃப் பற்றிய கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் இதய நோய்க் கிளினிக்கில் நீண்டகாலம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கிளினிக் கொப்பியில் 'ஏஎஃப்' என்று எழுதப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது. அதனால் நாடி தாறுமாறாக ஓடும். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியரின் வேலை. அதை நான் தொடமாட்டேன்.

கொக்குவிலில் இருந்து ஒரு அக்கா: இரவு படுத்தவுடன் நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருக்கிறது. பகலில் அவ்வளவு தெரியாது. நித்திரையில் இதயம் நின்றுவிடுமோ?

பயப்படாதீர்கள் அக்கா. பகலில் சமையல், சந்தை, பேரப்பிள்ளைகள் என்று கவனம் வேறிடத்தில் இருக்கும். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு அதே துடிப்பு பெரிதாகத் தெரியும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் இன்னும் கூடத் தெரியும். வலப்பக்கம் திரும்பி, தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்துப் பாருங்கள்.

மனம் அடங்காவிட்டால் எழுந்திருந்து நாடியைப் பிடியுங்கள். பெருவிரலால் வேண்டாம். மற்ற இரண்டு விரல்களை மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கில்லாத நாடிக்குச் சரிவராது. ஓய்வில் 110க்குக் கீழே நின்று, மயக்கமோ நெஞ்சு நோவோ இளைப்போ இல்லாவிட்டால் அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லை. தொடர்ந்து அதற்கு மேலே நின்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. நீங்கள் பலமாகக் குறட்டை விடுவதாகவோ, இடையில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ வீட்டில் யாரும் சொன்னால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். நித்திரையில் மூச்சுத் தடைப்படுவது இந்த வருத்தத்தைக் கூட்டும்.

ரொறன்ரோவில் இருந்து ஒரு தம்பி: அப்பா சாவகச்சேரியில் இருக்கிறார். 78 வயது, பிரஷரும் உண்டு. "எனக்கு ஒரு படபடப்பும் இல்லை, ஏன் வாஃபரின்?" என்று, இரத்தம் உறையாமல் தடுக்கும் அந்தக் குளிசையை நிறுத்திவிட்டார்.

என்னை மிகவும் கவலைப்படுத்திய கேள்வி இது. ஏஎஃப் உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. நடுங்குகிற மேலறையில், முக்கியமாக இடது மேலறையோடு ஒட்டிய சின்னப் பையில், இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும். கட்டி உருவாகும்போது நோவு இராது, படபடப்பும் இராது. படபடப்பால் துடிக்கிறவருக்கும் ஒன்றுமே தெரியாதவருக்கும் கட்டி ஒரே மாதிரித்தான் வரும். அப்பாவின் வயதும் பிரஷரும்தான் கணக்கு. அவர் உணர்வது கணக்கே இல்லை.

அஸ்பிரின் போட்டால் போதும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இந்த வேலைக்கு அது போதாது. அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு அடிக்கடி இரத்தம் குத்திப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் செயற்கை உலோக வால்வு போட்டவர்களுக்கும், சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் வாஃபரின்தான். ஆகவே கனடாவில் வாங்கி அனுப்ப யோசித்தால், எக்கோவையும் (இதய ஸ்கான்) சிறுநீரகப் பரிசோதனையையும் பார்த்து இங்குள்ள வைத்தியர் சொல்லட்டும். தொலைபேசியில் ஏசாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆளை ஒழுங்குபடுத்துங்கள். பலர் மருந்தை விடுவது பிடிவாதத்தால் இல்லை, வரிசையில் காத்திருந்து களைத்துப்போய்த்தான்.

காரைநகர்: வாஃபரின் தொடங்கியதில் இருந்து முருங்கையிலை, வல்லாரை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். சரிதானே?

விடத் தேவையில்லை. கீரையில் உள்ள விற்றமின் கே வாஃபரினை எதிர்க்கும், உண்மைதான். அதனால் அளவை ஒரே சீராக வைத்திருங்கள். கிழமைக்கு இரண்டு நாள் முருங்கையிலை வறை என்றால் எப்போதும் அப்படியே. கீரையே தொடாமல் இருந்துவிட்டு ஒரு கிழமை சட்டி நிறையச் சாப்பிட்டு வந்தவர்களின் ஐஎன்ஆர்தான், அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண், குழம்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். உலோக வால்வு உள்ளவர்களுக்கு வேறு அளவு இருக்கலாம்.

நல்லூர்: கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு வேண்டாம் அம்மா. வாஃபரின் போடுகிறவருக்குச் சாப்பாடு சுருங்கினால் ஐஎன்ஆர் ஏறி இரத்தம் கசியலாம். தண்ணீர் குறைந்தாலும் நாடி வேகம் பிடிக்கும். பாலும் பழமுமாவது எடுத்து, குளிசைகளை நேரத்துக்குப் போடுங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

உரும்பிராய், தோட்டம் செய்கிறவர்: பிசோப்ரோலோல் தொடங்கிய பிறகு மண்வெட்டி தூக்கவே களைக்கிறது. மருந்தை விடட்டா?

ஐயா, அது நாடி வேகத்தைக் குறைக்கிற மருந்து, திடீரென்று விடவே வேண்டாம். நாடி பாய்ந்து ஏறும். களைப்புக்குக் காரணம் மருந்தாகவும் இருக்கலாம், வருத்தமாகவும் இருக்கலாம். மேலறை ஒழுங்காகத் தள்ளாவிட்டால் இதயம் வெளியேற்றும் இரத்தம் குறையும். நாடி 50க்குக் கீழே போகிறதா என்று காலையில் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். தைரொயிட்டும் இரத்தச்சோகையும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

வேலையை விடச் சொல்லமாட்டேன். கொத்துவதை விடியப்புறத்துக்கு மாற்றி, பாத்திக்குப் பாத்தி இருந்து எழும்புங்கள். பக்கத்தில் ஆளோடு கதைக்க முடிகிற அளவு வேலை சரி. வசனம் முடிக்க மூச்சு வாங்கினால் கூடிவிட்டது. பின்னேரம் கள்ளு எடுப்பவரென்றால் அதை நிறுத்துங்கள். மது இந்தப் படபடப்பை நேரே கிளப்பிவிடும்.

மானிப்பாய்: வீட்டு பிரஷர் மெசின் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காட்டுகிறது.

மெசினில் பிழை இல்லை. ஒவ்வொரு துடிப்பும் வேறு பலத்தில் வருகிறது. ஐந்து நிமிடம் இருந்துவிட்டு மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

சுன்னாகம்: முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் போடலாமா?

வாஃபரினோடு கூடாது. வயிற்றுக்குள் இரத்தம் கசியும். பரசிட்டமோல் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டு எடுங்கள். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பருத்தித்துறை: எப்போது உடனே ஆஸ்பத்திரி?

முகம் கோணினால், ஒரு கை தளர்ந்து விழுந்தால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் பார்க்காமல் 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் எல்லை. சிலமணி நேரத்தில் சரிவந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். மயங்கி விழுதல், நெஞ்சு நோவு, படுக்க முடியாத இளைப்பு, தலையில் பலமான அடி, கறுப்பாக மலம் போதல் இவற்றுக்கும் அப்படியே. கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார், வாஃபரின் போடுகிறாரா என்பதுதான் அங்கே முதலில் கேட்பார்கள். கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் பூட்டாமல், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.