சபைக்கு வரும் பெண்பிள்ளைகள் ஜீன்ஸ் போடுவதும் ஷால் போடாமல் இருப்பதும் பாவமா?

கேள்வி: எங்கள் சபையில் பெண்கள் அடக்கமாக உடுத்த வேண்டும் என்று அடிக்கடி பிரசங்கம் வருகிறது. ஜீன்ஸ், ஷால் இல்லாத சுடிதார் எல்லாம் பாவம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாவம் இல்லை. நீங்கள் கல்லூரியில் படிக்கிற பெண்ணாகவோ, கல்யாணமாகிப் புதிதாக வேறு சபைக்குப் போனவராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யாரோ நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லியிருப்பார்கள். அந்த வலி எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் குமரி மாவட்டத்துக்காரி. சிஎஸ்ஐயில் (தென்னிந்தியத் திருச்சபையில்) பிறந்து, கல்யாணத்துக்கு அப்புறம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். சேலைதான் கட்டுவேன், ஆராதனையில் முக்காடு போடுவேன், நகை போடுவதில்லை. யாருக்கும் பயந்து அல்ல, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே "உலகத்தோடு ஒத்துப்போகச் சொல்லிக் கொடுக்கிறாள்" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுப் போடுங்கள்.

என் மகள் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வரை இறங்கிய காட்டன் குர்தாவும் லெக்கிங்ஸும் போட்டுச் சபைக்கு வந்தாள். ஷால் போடவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது மூப்பர் ஒருவர் அவளை நிறுத்தி, "ஷால் எங்கம்மா? இது தேவாலயம், காலேஜ் கேன்டீன் இல்ல" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் அவளோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்த பையன்கள் நின்றார்கள். பிள்ளை கையிலிருந்த பைபிளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கார் வரைக்கும் தலை நிமிராமல் நடந்தாள். அந்த லீவு முடியும்வரை கொயருக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். நான்கு வயதிலிருந்து அந்தச் சபையில் பாடினவள்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். "அங்கிள், பிள்ளையை எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் வசனத்தைத்தானம்மா சொன்னேன். ஒன்று தீமோத்தேயு ரெண்டு ஒம்பது."

"அதே வசனத்தில பொன்னும் முத்தும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் இருக்கே அங்கிள். அதை யாருகிட்டயாவது வாசல்ல நிறுத்திக் கேட்டிருக்கீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆன்ட்டி காபி கொண்டுவந்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்றால், எங்கள் பக்கத்துப் பெந்தெகொஸ்தே கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மணமகள் கழுத்தில் ஒரு பொட்டு நகை இருக்காது, வெள்ளைப் பட்டுச்சேலை, முக்காடு, பார்க்கவே பரிசுத்தமாக இருக்கும். போடாத பவுன் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடித்து லாக்கருக்குப் போயிருக்கும். ரொக்கம் தனி, மனை தனி. எல்லாரும் இப்படி என்று சொல்லமாட்டேன், ஒரு ரூபாய் வாங்காமல் மகனுக்குக் கட்டிவைத்த குடும்பங்கள் எங்கள் சபையிலேயே உண்டு. ஆனால் வரதட்சணையைக் கண்டித்து ஒரு ஞாயிறு கேட்டால், ஷாலைப் பற்றிப் பத்து ஞாயிறு கேட்கிறோம்.

அந்த வசனத்தை முழுதாகப் படியுங்கள். பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் இவற்றால் அலங்கரிக்காமல், தகுதியான வஸ்திரம், நாணம், தெளிந்த புத்தி என்று சொல்லி அடுத்த வசனத்தில் நற்கிரியைகளில் கொண்டுபோய் முடிக்கிறார் பவுல். பவுல் இந்தக் கடிதத்தை எழுதின தீமோத்தேயு இருந்தது எபேசுவில், பெரிய வியாபாரப் பட்டணம். கூடுகையில் பணக்காரி தன் பணத்தைக் காட்டி ஏழையைக் கூனிக்குறுக வைக்கக் கூடாது என்கிற கவலைதான் எனக்கு அதில் தெரிகிறது. அதற்கு முந்தின வசனம் ஆண்களுக்கு: கோபமும் தர்க்கமும் இல்லாமல் ஜெபம்பண்ண வேண்டும். அதை வாசலில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. "ஆண்கள் இடறிப்போவார்கள்" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிறவனைப் பற்றிப் பேசின ஆண்டவர், கண்ணைப் பிடுங்கச் சொன்னது பார்த்தவனைத்தான். அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. துணிக்காக அடிவாங்கின பெண்களின் பேத்திகள் நாங்கள். தென் திருவிதாங்கூரில் (இன்றைய குமரி மாவட்டம் அதில்தான் இருந்தது) நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்த காலத்தில், பிரிட்டிஷ்காரரான கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது கிறிஸ்தவர்களான பெண்களுக்குக் குப்பாயம் போட அனுமதி கிடைத்தது. குப்பாயம் என்றால் தொளதொளவென்ற சட்டை. அதோடு நிற்காமல் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் போடுகிற தோள்சீலையும் போட்டார்கள். மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்துத் துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1829இல் வந்த அரச கட்டளை குப்பாயம் போதும், தோள்சீலை கூடாது என்றது. 1858 கடைசியில் மறுபடி கலவரம். சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கின பிறகு, 1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பு வந்தது. அதிலும் குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றுதான் இருந்தது. (இந்து நாடார் பெண்களும் அடிவாங்கினார்கள், மறுக்கவில்லை. சாதிப் பெருமைக்காகவும் இதை எழுதவில்லை.)

என் பாட்டி கடைசிவரை முண்டும் கைநீள ஜம்பரும் (சட்டை) நேரியலும்தான் (தோளில் போடுகிற மேல்துணி). கோயிலுக்குப் போகும்போது நேரியலை நாலு முறை நீவி, தோளில் மடிப்புக் கலையாமல் பின் குத்துவாள். அவள் பயந்து மூடிக்கொண்டவள் இல்லை. மூடக் கூடாது என்று ஊரே சொன்னபோது எங்கள் பெண்கள் மூடினார்கள், உடம்பு என்னுடையது என்று சொல்லி. அந்த நேரியலை இன்று ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்த எடுத்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அடக்கத்துக்கு ஒரே அளவு என்றும் எதுவும் கிடையாது. எங்கள் தெருவிலேயே கத்தோலிக்கப் பெண்கள் மல்லிகைப்பூ வைத்துப் பூசைக்குப் போகிறார்கள், சிஎஸ்ஐக்காரர்கள் தாலியும் வளையலும் போடுகிறார்கள், நாங்கள் இரண்டும் இல்லை. இதில் யார் அடக்கம் குறைந்தவர்?

அதற்காகக் கண்டதையும் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. ஆராதனைக்கு என்று ஒரு மரியாதை உண்டு, முட்டிபோட்டு ஜெபிக்கிற இடத்தில் உட்காரவும் எழவும் வசதியாக உடுத்துவது நமக்கே நல்லது. அதைத் தாய் சொல்லலாம், பாஸ்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். நீங்களும் முதலில் பாஸ்டரம்மாவிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்பார்கள், அவர்களும் இதையெல்லாம் அனுபவித்தவர்கள்தான்.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், பரவாயில்லை. எங்கள் சபையில் பெண்கள் கழிவறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குப்பைத்தொட்டியும் கிடையாது, மாதவிலக்கு நாளில் பிள்ளைகள் பாதி ஆராதனையில் வீட்டுக்குப் போகிறார்கள். புது சவுண்ட் சிஸ்டம் வாங்கக் காணிக்கை எடுத்தார்கள், ஒரு கொண்டிக்கு மட்டும் கமிட்டியில் "பார்க்கலாம்" என்கிறார்கள். வருகிற பொதுக்கூட்டத்தில் மறுபடி எழுந்து கேட்கப் போகிறேன். பெண்களின் அடக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற மூப்பர்கள் முதல் ஆளாகக் கை தூக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.